ஒரு சாலை, நான்கு கணக்குகள்: ராயக்கோட்டை வழித்தடமும் தமிழ்நாடு அரசின் போக்குவரத்து நிதி ஒதுக்கீடும்

ஆய்வுச் சுருக்கம்

மாநில அரசு போக்குவரத்துக்கு ஆண்டுதோறும் ஒதுக்கும் தொகை ஒரே எண்ணாகப் பேசப்பட்டாலும், அது பல துறைகளின் மானியக் கோரிக்கைகளிலும் பல கணக்குத் தலைப்புகளிலும் பிரிந்து கிடக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ராயக்கோட்டை வழியாகச் செல்லும் ஓசூர் – அதியமான்கோட்டைச் சாலையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அச்சாலைக்கும் அதில் ஓடும் பேருந்துக்கும் பணம் எங்கிருந்து வருகிறது, எந்தத் தலைப்பின்கீழ் செலவிடப்படுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. ஒரு செலவுக்கு மானியம், பங்கு மூலதனம், கடன் ஆகியவற்றுள் எப்பெயர் சூட்டப்படுகிறதோ அப்பெயரே அச்சுமையைத் தாங்குபவர் யார் என்பதை முடிவு செய்கிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: நிதிநிலை அறிக்கை, மானியக் கோரிக்கை, கணக்குத் தலைப்பு, போக்குவரத்துக் கழகம், மகளிர் விடியல் பயணம், ராயக்கோட்டை, ஓசூர்.

முன்னுரை

தேன்கனிக்கோட்டை வட்டத்தில் அமைந்த ராயக்கோட்டை, மைசூர்ப் பீடபூமியிலிருந்து பாரமகால் பகுதிக்கு இறங்கும் வழியைக் காத்துநின்ற மலைக்கோட்டையால் பெயர்பெற்ற ஊர். காரன்வாலிஸின் மைசூர்ப் படையெடுப்பின்போது, 1791 ஜூலையில் ஆங்கிலேயர் கைப்பற்றிய கோட்டைகளுள் இதுவும் ஒன்று. அன்று படைகளுக்காகக் காக்கப்பட்ட அதே வழியில் இன்று தக்காளி ஏற்றிய சரக்குந்துகளும் ஓசூர் ஆலைகளுக்குத் தொழிலாளரை ஏற்றிச்செல்லும் பேருந்துகளும் ஓடுகின்றன. ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் ராயக்கோட்டையிலிருந்து முப்பது கிலோமீட்டர் அளவில்தான் தொலைவு. இருபுறமும் நாள்தோறும் சென்று திரும்பும் மக்களுக்குப் போக்குவரத்துச் செலவு கூலியின் ஒரு பங்காகவே அமைந்துவிடுகிறது. எனவே சென்னையில் நிறைவேறும் ஒதுக்கீட்டுச் சட்டம் இவ்வூரில் பயணச்சீட்டின் விலையாக வந்து சேர்கிறது.

திருவள்ளுவர் இறைமாட்சியில் அரசின் பொருள்சார் செயல்களை வரிசைப்படுத்தும்போது வகுத்தலை இறுதியில் வைக்கிறார். ஈட்டலும் காத்தலும் எளிதில் அளக்கத்தக்கவை. வகுத்தலை அளக்க வேண்டுமாயின், எத்தொகை எப்பெயரால் வகுக்கப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டியுள்ளது. நிதிநிலை அறிக்கை குறித்த பொதுவிவாதங்கள் பெரும்பாலும் மொத்தத் தொகையோடு நின்றுவிடுகின்றன.

சாலை யாருடையது?

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாக அதியமான்கோட்டையை அடையும் சாலை, முன்னர் மாலூர் – ஓசூர் – அதியமான்கோட்டை மாநில நெடுஞ்சாலையின் பகுதியாக இருந்தது. பின்னர் அது 844 என்னும் எண்ணுடைய தேசிய நெடுஞ்சாலையாக அறிவிக்கப்பட்டு, கர்நாடகத்தின் நெரளூரிலிருந்து தருமபுரி வரை நான்குவழிச் சாலையாக்கும் பணி பகுதி பகுதியாக மேற்கொள்ளப்பட்டது. இம்மாற்றம் வெறும் எண் மாற்றம் அன்று. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் தேசிய நெடுஞ்சாலை ஒன்றியப் பட்டியலின் 23ஆம் பதிவு. ஏனைய சாலைகள் மாநிலப் பட்டியலின் 13ஆம் பதிவு. ஒரு சாலை முதற்பட்டியலுக்கு மாறியவுடன் அதன் செலவு மாநிலச் சட்டமன்றத்தின் வாக்கெடுப்பிலிருந்து விலகி நாடாளுமன்றத்தின் கணக்கிற்குச் சென்றுவிடுகிறது. அதனுடன், அச்சாலையில் சுங்கக் கட்டணம் தண்டும் உரிமையும் ஒன்றிய அரசின் சட்டத்திற்கு உட்பட்டதாகிறது.

இச்சாலையிலிருந்து பிரியும் கிளைச்சாலைகள் வேறு கணக்குகளைச் சேர்ந்தவை. மாநில நெடுஞ்சாலைகள், மாவட்ட முக்கியச் சாலைகள், மாவட்ட இதரச் சாலைகள் ஆகியவை நெடுஞ்சாலைகள் மற்றும் சிறு துறைமுகங்கள் துறையின் மானியக் கோரிக்கை எண் 21இல் அடங்கும். ஊராட்சி ஒன்றியச் சாலைகளும் சிற்றூர்ச் சாலைகளும் ஊரக வளர்ச்சித் துறையின் கோரிக்கை எண் 42இல் வருகின்றன. இச்சாலைகளில் ஓடும் அரசுப் பேருந்து போக்குவரத்துத் துறையின் கோரிக்கை எண் 48ஐச் சார்ந்தது. ஆக, வயலிலிருந்து ராயக்கோட்டைச் சந்தைக்கு வந்து அங்கிருந்து ஓசூருக்குப் பேருந்தேறும் ஓர் உழவர், அரைநாளில் நான்கு கணக்குகளின்மீது பயணம் செய்கிறார். ராயக்கோட்டை தொடர்வண்டி நிலையத்தையும் சேர்த்தால் கணக்கு ஐந்தாகும். தமிழ்நாட்டு மண்ணில் உள்ள அந்நிலையம் ஹுப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூருக் கோட்டத்தில் உள்ளது. அது மாநில நிதிக்குப் புறம்பானது என்பதால் இக்கட்டுரை அதனைத் தொடரவில்லை.

மானியக் கோரிக்கைக்குள் செலவின் தன்மையைக் காட்டுவது நான்கிலக்கப் பெருந்தலைப்பு எண். சாலைகளும் பாலங்களும் என்னும் வருவாய்ச் செலவு 3054. அவற்றிற்கான மூலதனச் செலவு 5054. சாலைப் போக்குவரத்திற்கு 3055 வருவாய்த் தலைப்பு, 5055 மூலதனத் தலைப்பு, 7055 கடன் தலைப்பு. பள்ளம் அடைப்பதும் மேற்பரப்பைப் பேணுவதும் பொதுவாக 3054இல் வரும். புதிய பாலமும் அகலப்படுத்தலும் 5054இல் வரும். வருவாய்ப் பற்றாக்குறையைக் குறைக்க வேண்டிய நெருக்கடி எழும்போது முதலில் மெலிவது பராமரிப்பே. புதிய சாலைக்குக் கடன் வாங்கலாம், அது சொத்தாகக் கணக்கில் ஏறும். பழைய சாலையைக் காப்பதற்கான செலவோ அவ்வாண்டோடு கரைந்துபோன செலவாகவே எழுதப்படும். இக்குறையை ஓரளவு நேர்செய்யும் வகையில் நெடுஞ்சாலைத் துறை செயல்திறன் அடிப்படையிலான பராமரிப்பு ஒப்பந்த முறையைப் பொள்ளாச்சிக் கோட்டத்தில் தொடங்கிப் பின்னர்க் கிருஷ்ணகிரி உள்ளிட்ட கோட்டங்களுக்கும் விரித்தது. ஒப்பந்தக்காரர் பல ஆண்டுகளுக்குச் சாலையின் தரத்திற்குப் பொறுப்பேற்பதால், பராமரிப்புத் தொகையை ஓராண்டின் நெருக்கடிக்காக வெட்டுவது கடினமாகிறது. ஆண்டுதோறும் வாக்களிக்கும் சட்டமன்றத்தின் கையை முன்கூட்டியே கட்டும் ஏற்பாடு எனினும், சாலையின் நோக்கில் இது நன்மையே.

ஊரகச் சாலைகளுக்கு இத்தகைய உறுதி இல்லை. 2000 டிசம்பரில் தொடங்கப்பெற்ற பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் ஒன்றியமும் மாநிலமும் தற்போது 60:40 என்னும் விகிதத்தில் செலவைப் பகிர்கின்றன. மாநில அரசு 2023 ஜனவரியில் அறிவித்த முதல்வரின் கிராமச் சாலைகள் மேம்பாட்டுத் திட்டம் 10,000 கி.மீ. சாலைகளை 4,000 கோடி ரூபாயில் மேம்படுத்த முனைந்தது. சராசரியாகக் கிலோமீட்டருக்கு 40 இலட்சம் ரூபாய். தக்காளி போன்ற விரைவில் அழுகும் விளைபொருளை நம்பியுள்ள வட்டாரத்தில், நான்குவழிச் சாலையினும் இவ்வகைச் சாலையே உழவரின் வருவாயை நேரடியாகத் தீர்மானிக்கிறது என்று கருத இடமுண்டு.

வரி வரும் வழி

சாலையைப் பயன்படுத்துவோர் செலுத்தும் வரி சாலைக்கே செல்கிறது என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. அவ்வாறு இல்லை. உந்துவண்டி வரி 0041 என்னும் வரவுத் தலைப்பிலும், பெட்ரோல், டீசல் மீதான மதிப்புக் கூட்டு வரி விற்பனை வரிகளுக்குரிய 0040இலும் சேர்ந்து மாநிலத்தின் தொகுநிதியில் கலக்கின்றன. அங்கிருந்து எத்துறைக்கு எவ்வளவு என்பது சட்டமன்றம் வாக்களிக்கும் செய்தி. 18 விழுக்காடு வரி செலுத்தி மகிழுந்து வாங்கியவர் தம் வரி தம் தெருச் சாலைக்கு வரவேண்டும் என்று கேட்கச் சட்டப்படி இடமில்லை.

எப்போதும் இவ்வாறே இருந்ததில்லை என்பதை வரலாறு காட்டுகிறது. 1931ஆம் ஆண்டின் சென்னை உந்துவண்டி வரிச் சட்டம், உள்ளாட்சி மன்றங்கள் சாலைகளில் தண்டிவந்த சுங்கத்தைக் கைவிடச் செய்து, அதற்கு ஈடாக வரித்தொகையிலிருந்து அம்மன்றங்களுக்குப் பங்களித்தது. அனைத்திந்திய அளவில் ஜெயகர் தலைமையிலான சாலை வளர்ச்சிக் குழுவின் பரிந்துரைப்படி, பெட்ரோல் மீதான கூடுதல் வரியைக் கொண்டு 1929இல் மத்தியச் சாலை நிதி உருவாயிற்று. அந்நிதி 2000ஆம் ஆண்டில் சட்ட வடிவம் பெற்று, 2018இல் மத்தியச் சாலை மற்றும் உட்கட்டமைப்பு நிதியாக விரிந்தது. அதற்கு ஆதாரமான மேல்வரி, அரசமைப்புச் சட்டத்தின் 270ஆம் பிரிவின்படி மாநிலங்களோடு பகிரப்படும் வரித்தொகுப்பில் சேராது. பதினைந்தாவது நிதிக்குழு தமிழ்நாட்டிற்கு அளித்த 4.079 விழுக்காட்டுப் பங்கு இம்மேல்வரிக்குப் பொருந்துவதில்லை. ராயக்கோட்டையில் நிரப்பப்படும் ஒவ்வொரு லிட்டர் டீசலிலும் மாநிலத்தின் கைக்கு நேரடியாக எட்டாத ஒரு பகுதி உண்டு என்பது இதன் பொருள்.

எரிபொருள் வரியின் மாநில வரலாறு இவ்வட்டாரத்தோடு ஒரு தொடர்புடையது. நான்குவழிச் சாலைத் திட்டப்பகுதி ஒன்றின் பெயரிலேயே இடம்பெறும் தொரப்பள்ளி, இராஜாஜி பிறந்த ஊர். சென்னை மாகாணப் பிரதமராக அவர் 1937 அக்டோபரில் அன்றைய சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். அன்று ராயக்கோட்டையும் அம்மாவட்டத்திலேயே இருந்தது. ஆயத்தீர்வை வருவாயின் இழப்பை ஈடுசெய்ய 1939இல் பொது விற்பனை வரிச் சட்டமும், உந்து எரிபொருள் விற்பனை வரிச் சட்டமும் இயற்றப்பட்டன. இன்று மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் முதன்மையான இடம் பெற்றுள்ள வணிகவரிகளின் மூலம் அங்குள்ளது. எரிபொருள் வரி பிறந்தபோதே அதன் நோக்கம் சாலை அன்று, பொது வருவாய் என்பதை இங்கு நினைவில் கொள்வது தகும்.

எல்லையின் அழுத்தம்

மாநில எல்லைக்கு அருகில் வரிவிகிதம் வெறும் நிதிக்கொள்கையாக நிற்பதில்லை; அது வண்டி ஓட்டுநரின் அன்றாடத் தெரிவாகிறது. தமிழ்நாடு 2020 மே மாதத்தில் எரிபொருள் வரியின் அமைப்பையே மாற்றியது. அதுவரை விலையின் விழுக்காடாக இருந்த வரி, ஒரு பகுதி விழுக்காடாகவும் ஒரு பகுதி நிலையான தொகையாகவும் ஆயிற்று. டீசலுக்கு 11 விழுக்காடும் லிட்டருக்கு 9.62 ரூபாயும் விதிக்கப்பட்டன. கச்சா எண்ணெய் விலை வீழ்ந்தாலும் நிலையான பகுதி குறையாது என்பதே இம்மாற்றத்தின் பயன். 2021 ஆகஸ்டில் பெட்ரோல் வரி மட்டும் லிட்டருக்கு 3 ரூபாய் குறைக்கப்பட்டது. அதனால் ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் இழப்பு ஏற்படும் என்று அரசு மதிப்பிட்டது. டீசலின் வரியில் மாற்றமில்லை.

கர்நாடகம் 2021 நவம்பரில் இரு எரிபொருள்களுக்கும் லிட்டருக்கு 7 ரூபாய் குறைத்தது. 2024 ஜூனில் டீசல் வரியை 18.4 விழுக்காடாக உயர்த்திய பின்னரும், அங்கு டீசல் விலை தமிழ்நாட்டினும் குறைவாகவே இருந்தது. ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி சில கிலோமீட்டர் தொலைவே. அங்குக் கலன் நிரப்பி வரும் சரக்குந்து தமிழ்நாட்டுச் சாலையைத் தேய்க்கும். வரியைக் கர்நாடகத்திற்குச் செலுத்தும். சென்னையில் இருந்து பார்க்கும்போது புலப்படாத இக்கசிவு, ஓசூர் வட்டாரத்தில் கண்முன் நிகழ்வது.

மற்றொரு முரணும் உண்டு. ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின்சார இருசக்கர ஊர்திகளைத் தயாரிக்கும் ஆலைகள் அமைந்துள்ளன. மாநிலத்தின் 2023ஆம் ஆண்டு மின்சார ஊர்திக் கொள்கை, 2025 இறுதி வரை அவற்றிற்கு உந்துவண்டி வரியிலிருந்து முழுவிலக்கு அளித்தது. அதே 2023 நவம்பரில் எரிபொருளால் ஓடும் இருசக்கர ஊர்திகளுக்கான வாழ்நாள் வரி 8 விழுக்காட்டிலிருந்து, விலைக்கேற்ப 10 அல்லது 12 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. எரிபொருள் வரியும் தராத, ஊர்தி வரியும் தராத வண்டிகள் பெருகும்போது 0040, 0041 ஆகிய இரு வரவுத் தலைப்புகளும் ஒருங்கே மெலியும். தொழில் வளர்ச்சியின் நோக்கில் கிருஷ்ணகிரி மாவட்டம் பெறும் நன்மையும், போக்குவரத்து நிதியின் நோக்கில் மாநிலம் விட்டுக்கொடுப்பதும் ஒரே ஆலைவாயிலில் சந்திக்கின்றன.

பேருந்தின் கணக்கு

சாலைக்கான செலவு துறையின் நேரடிச் செலவு. பேருந்துக்கான செலவு அவ்வாறன்று. அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் நிறுவனச் சட்டத்தின்கீழ் பதிவுபெற்ற நிறுவனங்கள். ராயக்கோட்டை வட்டாரத்தில் முன்னர்ப் பேருந்து இயக்கிய அன்னை சத்யா போக்குவரத்துக் கழகம் தருமபுரியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. 1997இல் தலைவர்களின் பெயர்கள் அனைத்துக் கழகங்களிலிருந்தும் நீக்கப்பட்டு, தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்னும் பொதுப்பெயர் வந்தது. இன்று இப்பகுதி சேலம் கோட்டக் கழகத்தின் தருமபுரி மண்டலத்தில் உள்ளது. நிறுவனம் என்பதால் கழகத்தின் வரவுசெலவு சட்டமன்றத்தின் வாக்குக்கு வருவதில்லை. அரசு கழகத்திற்குத் தரும் தொகை மட்டுமே வாக்குக்கு வருகிறது.

இங்குதான் பெயரிடலின் விளைவு தெளிவாகிறது. கழகத்திற்கு நூறு கோடி ரூபாய் தேவைப்படுகிறது என்று கொள்வோம். அரசு அதனை 3055இல் மானியமாகத் தரலாம்; அப்போது வருவாய்ப் பற்றாக்குறை நூறு கோடி கூடும், கழகத்தின் ஏட்டில் அது வருவாயாக ஏறும். 5055இல் பங்கு மூலதனமாகத் தரலாம். அப்போது அரசின் வருவாய்க் கணக்கில் எதுவும் ஏறாது, நட்டமடையும் நிறுவனத்தில் அரசு முதலீடு செய்ததாகக் காட்டப்படும். 7055இல் கடனாகத் தரலாம். அப்போது கழகம் வட்டி செலுத்தக் கடமைப்படும், செலுத்த இயலாத வட்டி அதன் நட்டத்தைப் பெருக்கும். மூன்று வழிகளிலும் பேருந்து ஓடும். நிதிப் பற்றாக்குறையும் ஒரே அளவில் கூடும். வருவாய்ப் பற்றாக்குறை மட்டும் முதல்வழியில் உயர்ந்தும் மற்ற இரண்டில் தாழ்ந்தும் காணப்படும். நான்காவது வழி ஒன்றும் உண்டு. 1975இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு போக்குவரத்து வளர்ச்சி நிதிக் கழகம் பொதுமக்களிடம் வைப்புத்தொகை பெற்றுப் போக்குவரத்துக் கழகங்களுக்குக் கடன் தருகிறது. இவ்வழியில் சென்றால் அக்கடன் மாநிலத்தின் பற்றாக்குறைக் கணக்கிலேயே இடம்பெறாது. 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு நிதிநிலைப் பொறுப்புடைமைச் சட்டம் வகுத்த வரம்புகளுக்கு வெளியே அது வளரும்.

2021 ஆகஸ்டு 9 அன்று அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, அரசுப் பேருந்து ஒரு கிலோமீட்டர் ஓடுவதால் 59.15 ரூபாய் நட்டம் ஏற்படுவதாகக் குறிப்பிட்டது. பெருந்தொற்று முடக்கத்தை ஒட்டி வெளிவந்த எண் அது. இயல்பான ஆண்டுகளுக்கு அதனை அப்படியே பொருத்துதல் ஆகாது. எனினும் அவ்வெண் ஊடகங்களில் கழகத்தின் திறமையின்மைக்குச் சான்றாகவே எடுத்தாளப்பட்டது. உந்துவண்டிச் சட்டம், 1988இன் 67ஆம் பிரிவின்படி கட்டணத்தை நிர்ணயிப்பது மாநில அரசு. 2011 நவம்பரில் மொபசல் சாதாரணப் பேருந்தின் கட்டணம் கிலோமீட்டருக்கு 42 காசாக உயர்ந்தது. 2018 ஜனவரியில் 60 காசாக உயர்ந்து, எதிர்ப்புக்குப் பின் அதே மாத இறுதியில் 58 காசாகக் குறைக்கப்பட்டது. இரு உயர்வுகளுக்கிடையே ஆறு ஆண்டுகளுக்கு மேல் கடந்தன. அவ்விடைவெளியில் டீசல் விலையும் ஊதியமும் நின்றுவிடவில்லை. கட்டணத்தை உயர்த்தாமை அரசின் முடிவு. அதன் விலை எழுதப்படுவதோ கழகத்தின் ஏட்டில்.

அவ்விலையின் ஒரு பகுதியைத் தொழிலாளர் தாங்கினர். 2018 ஜனவரி தொடக்கத்தில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் ஓய்வுபெற்றோருக்குச் சேரவேண்டிய நிலுவைத்தொகையும் ஒன்று. அரசு அப்போது அதற்கென 750 கோடி ரூபாயை அறிவித்தது. மானியமாக உரிய நேரத்தில் தரப்படாத தொகை, ஓய்வுபெற்ற நடத்துநரின் பணிக்கொடையிலிருந்து பெறப்பட்ட வட்டியில்லாக் கடனாக மாறியிருந்தது எனலாம். சுங்கச்சாவடியிலும் இதே நிலை. 2025 ஜூலையில் தென்மாவட்டங்களின் நான்கு சாவடிகளில் போக்குவரத்துக் கழகங்கள் செலுத்தவேண்டிய 276 கோடி ரூபாய் நிலுவை குறித்த வழக்கில், அச்சாவடிகள் வழியே அரசுப் பேருந்துகளை அனுமதிக்கலாகாது எனச் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டுப் பின்னர் அதனை நிறுத்திவைத்தது. மாநில நெடுஞ்சாலை தேசிய நெடுஞ்சாலையாக உயரும்போது அதில் ஓடும் அரசுப் பேருந்தின் செலவுக்கணக்கில் புதிய வரி ஒன்று எழுதப்படக்கூடும் என்பதை இவ்வழக்கு நினைவூட்டுகிறது.

பெயர்ப்பலகையும் மானியமும்

2021 மே 7 அன்று முதலமைச்சராகப் பொறுப்பேற்ற மு.க. ஸ்டாலின் கையெழுத்திட்ட முதல் ஆணைகளுள் ஒன்று, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம் என்பது. அவ்வாண்டிற்கு 1,200 கோடி ரூபாய் ஈடுசெய்யப்படும் என்று அறிவிக்கப்பட்டது. பின்னர் மகளிர் விடியல் பயணம் எனப் பெயர்பெற்ற இத்திட்டத்திற்கு 2024–25இல் 3,050 கோடியும் 2025–26இல் 3,600 கோடியும் ஒதுக்கப்பட்டன. 2025–26இல் மாணவர் கட்டணச் சலுகைக்கு 1,782 கோடி, டீசல் மானியம் 1,857 கோடி. இம்மூன்றின் கூட்டுத்தொகை 7,239 கோடி ரூபாய். போக்குவரத்துத் துறையின் அவ்வாண்டு மொத்த ஒதுக்கீடான ஏறத்தாழ 12,960 கோடியில் இது பாதிக்கும் மேல். டீசல் மானியம் தனியே கருதத்தக்கது: கழகம் வாங்கும் டீசலின் விலையில் மாநில வரி அடங்கியிருப்பதால், 0040இல் வரவாகப் பெற்றதன் ஒரு பகுதியையே அரசு 3055இல் செலவாகத் திருப்பித் தருகிறது.

விடியல் பயணத்தின் சிறப்பு, முன்னர் மறைந்திருந்த ஆதரவை வெளிப்படையான மானியமாக்கியது. குறைந்த கட்டணத்தின் சுமையைக் கழகத்தின் நட்டத்தில் புதைப்பதைக் காட்டிலும், இன்னாருக்காக இவ்வளவு எனச் சட்டமன்றத்தில் வாக்குப்பெற்று வழங்குவது நேர்மையான கணக்கு. மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு, பயனாளர் ஒருவர் சராசரியாக மாதம் 888 ரூபாய் சேமிப்பதாகக் காட்டியது.

ஆயினும் இச்சலுகை ஆளைச் சாராது, பேருந்தின் வகையைச் சார்ந்தது. ஓசூரிலிருந்து தருமபுரி செல்லும் மொபசல் பேருந்தில் ஏறி ராயக்கோட்டையில் இறங்கும் பெண் கட்டணம் செலுத்தவேண்டும். முப்பது கிலோமீட்டருக்கு 58 காசு வீதம் 17.40 ரூபாய், சென்று திரும்ப 34.80; மாதத்தில் 25 நாள் வேலை எனில் 870 ரூபாய். நிறுத்தக் கட்டண முறையால் சிறிது ஏறக்குறைய அமையும் இத்தொகை, திட்டக்குழு கண்ட மாதச் சேமிப்புக்கு ஏறத்தாழ ஈடானது. நகரப் பேருந்தில் செல்லும் பெண் சேமிப்பதையே மொபசல் தடத்தை நம்பியுள்ள பெண் செலவிடுகிறார். பெருநகரத்தில் குறுந்தொலைவுப் பயணமே மிகுதி. ஆலைகள் ஓரிடத்திலும் குடியிருப்புகள் முப்பது கிலோமீட்டர் விலகியும் அமைந்த ஓசூர் போன்ற வட்டாரத்தில் நிலைமை வேறு. அரசு 2024–25இல் நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை ஆகிய மலைப்பகுதிகளுக்கு இச்சலுகையை விரித்தபோது, நகரப் பேருந்து என்னும் வரையறை எல்லா நிலத்திற்கும் பொருந்தாது என்பதை ஏற்றுக்கொண்டதாகவே கொள்ளலாம்.

எல்லைக்கு அப்பால் 2023 ஜூன் 11 அன்று தொடங்கிய கர்நாடகத்தின் சக்தி திட்டம் இதற்கு மறுதலை. அங்கு நகர, புறநகர வேறுபாடின்றிச் சொகுசல்லாத பேருந்துகள் அனைத்திலும் சலுகை உண்டு. ஆனால் பயணி கர்நாடகத்தில் வாழ்பவர் என்பதற்குச் சான்று காட்டவேண்டும். தமிழ்நாட்டில் பேருந்து தகுதி பெறுகிறது. கர்நாடகத்தில் ஆள் தகுதி பெறுகிறார். அத்திப்பள்ளியிலிருந்து ஓசூர் வந்து நகரப் பேருந்தில் ஏறும் கன்னடப் பெண்ணிடம் தமிழ்நாடு சான்று கேட்பதில்லை. ராயக்கோட்டையிலிருந்து எல்லை கடந்து வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கோ, சொந்த மாநிலத்தில் தடத்தின் வகையும், அடுத்த மாநிலத்தில் முகவரியும் தடையாகின்றன.

செலவுத் தலைப்பே இல்லாத திட்டமும் இங்குக் குறிப்பிடத்தக்கது. 2025 ஜூன் 16 அன்று தொடங்கப்பெற்ற புதிய சிற்றுந்துத் திட்டம், பேருந்து எட்டாத சிற்றூர்களுக்குத் தனியார் சிற்றுந்துகளை அனுமதிக்கிறது. இதில் அரசின் முதலீடு இல்லை. ஆகவே மானியமும் இல்லை, கட்டணமில்லாப் பயணமும் இல்லை. சேவை வருகிறது, அதன் செலவு முழுதும் பயணியின் கையில் விழுகிறது.

அறிவிப்பும் ஒதுக்கீடும்

ஓசூர் வட்டாரம் அண்மைக்காலத்தில் பேரறிவிப்புகளின் களமாக உள்ளது. பொம்மசந்திராவிலிருந்து ஓசூருக்கு மெட்ரோ தொடர்வண்டி நீட்டிப்பதற்குச் சாத்தியக்கூறு ஆய்வு மேற்கொள்ளப்பட்டது. பெங்களூரு மெட்ரோ 750 வோல்ட் நேர்மின்சாரத்திலும், சென்னை மெட்ரோ 25 கிலோவோல்ட் மாறுமின்சாரத்திலும் இயங்குவதால் இணைப்பில் தொழில்நுட்பச் சிக்கல் எழுந்தது. 2024 ஜூனில் ஆண்டுக்கு மூன்று கோடிப் பயணியரைக் கையாளத்தக்க விமான நிலையம் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. இவை நிறைவேறலாம், நிறைவேறாமலும் போகலாம். ஆய்வாளர் நோக்கவேண்டியது அறிவிப்பை அன்று, அது எந்தக் கோரிக்கையில் எந்தத் தலைப்பில் எவ்வளவு தொகையோடு தோன்றுகிறது என்பதையே.

அதற்கு நிதிநிலை ஆவணத்தின் நிரல்களை அறிந்திருத்தல் வேண்டும். 2025–26ஆம் ஆண்டின் ஆவணத்தில் 2023–24இன் இறுதிக் கணக்கும், 2024–25இன் தொடக்க மதிப்பீடும் திருத்திய மதிப்பீடும், 2025–26இன் மதிப்பீடும் அடுத்தடுத்து அமைகின்றன. ஒதுக்கீடு நாளேடுகளில் தலைப்புச் செய்தியாகிறது. உண்மையில் செலவானது என்ன என்பது இரண்டு ஆண்டுகள் கழித்தே முதல் நிரலில் தெரியவருகிறது. இடையில் 205ஆம் பிரிவின்படி துணை மானியக் கோரிக்கைகள் வந்து தொகையை மாற்றுகின்றன. 2025–26இல் நெடுஞ்சாலைத் துறைக்கு ஒதுக்கப்பட்ட 20,722 கோடியையும் முந்தைய ஆண்டின் 20,198 கோடியையும் ஒப்பிட்டு வளர்ச்சி கூறும் கட்டுரைகள், இரு மதிப்பீடுகளை ஒப்பிடுகின்றனவே அன்றி இரு செலவுகளை அல்ல.

வட்டார ஆய்வுக்கு இதனினும் பெரிய தடை ஒன்று உள்ளது. மானியக் கோரிக்கைகள் துறைவாரியாகவும் தலைப்புவாரியாகவும் பகுக்கப்படுகின்றன, மாவட்டவாரியாக அல்ல. விடியல் பயணத்தின் 3,600 கோடியில் தருமபுரி மண்டலத்தின் நகரப் பேருந்துகள் ஈட்டியது எவ்வளவு, மொபசல் தடங்களில் பெண்கள் செலுத்திய கட்டணம் எவ்வளவு என்பதைச் சட்டமன்றத்தில் வைக்கப்படும் ஆவணங்களைக் கொண்டு கணக்கிட வழியில்லை. கேரளம் தன் நிதிநிலை அறிக்கையின் நான்காம் பின்னிணைப்பில் ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பிற்கும் உரிய தொகையைத் தனித்தனியே அச்சிடுகிறது. நடத்துநரின் கையில் உள்ள மின்னணுப் பயணச்சீட்டுக் கருவி ஏறுமிடமும் இறங்குமிடமும் பதிந்தே சீட்டு வழங்குகிறது. அத்தரவு தடவாரியாகத் தொகுக்கப்பட்டு மானியக் கோரிக்கை எண் 48இன் கொள்கை விளக்கக் குறிப்போடு இணைக்கப்படுமாயின், ஓசூர் – ராயக்கோட்டைத் தடத்தை நகரப் பேருந்துத் தடமாக வகைமாற்றினால் ஆகும் கூடுதல் மானியம் எத்தனை இலட்சம் என்பதைச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் வாக்கெடுப்புக்கு முன்னரே கேட்டுப் பெறமுடியும்.